பையில் உறங்கிய போன்கள்

பாறசாலையிலிருந்து கழக்கூட்டத்துக்குத் தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்துபோன அவருடைய பையில், சோற்றுப் பாத்திரத்துக்கு மேலே பதினோரு போன்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைக் காலுறைக்குள் திணித்து வைத்திருப்பார். உரசிக் கீறல் விழுந்தால் கம்பெனிக்கு யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை. எங்களைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், வேலையில் எங்களுக்குக் கீழே. டெஸ்டர். அதுவும் ஆறு மாதக் கான்ட்ராக்ட். ஆபீசில் எல்லோருக்கும் அவர் சேச்சி, மலையாளத்தில் அக்கா. நான் மார்த்தாண்டத்துக்காரன் என்று தெரிந்த அன்றைக்கே என்னை மட்டும் எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல 'மக்களே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் என்னை அப்படிக் கூப்பிட வேறு ஆள் கிடையாது.

நாங்கள் அப்போது ஒரு காலிங் ஆப் செய்துகொண்டிருந்தோம். பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் இருக்க, வீட்டில் தனியாகக் கிடக்கும் முதியவர்களுக்கு நர்சுகளை அனுப்பும் ஒரு நிறுவனத்துக்காக. முதியவர் ஒரு பொத்தானை அழுத்தினால் நர்சின் போன் அடிக்க வேண்டும், இன்டர்நெட் வழியாக. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். அந்தச் சனியனைக் கட்டி அழுதவனுக்குத்தான் தெரியும். சிம் கார்டில் வரும் அழைப்புக்குப் போன் வீட்டுக்காரன் மரியாதை கொடுக்கும். எங்களைப் போல இன்டர்நெட்டில் வருகிறவனுக்கு வாசலோடு சரி. 'இதுவும் ஒரு அழைப்புதான் ஐயா' என்று போனின் இயங்குதளத்திடம் அதன் விதிப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்போதுதான் பூட்டிய திரைமேல் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் வரும். போனின் சொந்த அழைப்புப் பட்டியலில் பெயர் ஏறும். நடுவில் சிம்மில் ஒரு அழைப்பு வந்தால் எங்களுடையது ஒதுங்கிக் காத்திருக்கும்.

இரண்டு இயங்குதளம், இரண்டு சட்டம். வருடா வருடம் இரண்டும் மாறும். ஒன்றில், அழைப்பு வந்திருக்கிறது என்று ஆப்பை எழுப்பிவிட்ட உடனே நாங்கள் அழைப்புத் திரையைக் காட்டாவிட்டால் தண்டனை உண்டு, அடுத்த முறை எழுப்பாது. மற்றதில், போன் தயாரிக்கிறவன் ஒவ்வொருவனும் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று தன் பங்குக்கு ஒரு பூட்டுப் போட்டு வைத்திருப்பான். ஒரு பூட்டைத் திறந்தால் இன்னொன்று விழும். இப்போது நினைத்தாலும் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.

இதெல்லாம் எங்கள் தலைவலி. சேச்சியிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. காதில் விழுந்ததா?

அவரிடம் நீளமான ஒரு நோட்டு உண்டு. மற்ற டெஸ்டர்கள் ஒரு பெட்டியில் டிக் அடிப்பார்கள்: அழைப்பு வந்தது, சரி. சேச்சி இரண்டு பத்தி பிரித்து வைத்திருந்தார். முதல் பத்தி 'அடிச்சது'. இரண்டாவது 'கேட்டது'. இரண்டும் ஒன்றுதானே என்று முதல் வாரமே நான் சிரித்தேன்.

"அது எங்ஙன ஒண்ணாவும்?" என்றார். "உன் கம்ப்யூட்டரு அடிச்சுதுன்னு சொல்லும். நர்சு பிள்ளைக்குக் கேக்கல்லன்னா அந்தக் கெழவிக்கு என்ன பிரயோஜனம்?"

அந்த இரண்டாவது பத்தியால்தான் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார். எங்கள் ஆப்பின் மணிச்சத்தம், போனின் ரிங் சத்தத்தோடு சேராமல், பாட்டு கேட்கும் சத்தத்தோடு சேர்ந்திருந்தது. யாராவது வீடியோ பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்தால் எங்கள் அழைப்பும் ஊமை. கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் லாக் பதிவில் எல்லாம் பச்சை. நிரலில் நான் ஒரு மாதமாகத் தொடாமல் விட்டிருந்த வரி அது. அன்று மதியம் வெட்கத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மரச்சீனிக் கிழங்கும் மத்திக் கறியும் தந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

எங்களிடம் வருவதற்கு முன்பு அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் ரிசப்ஷனில் இருந்தவர். டூட்டி டாக்டரைப் போனில் கூப்பிடும் வேலை. "நான் விளிச்சேன்னு நான் சொல்லுவேன். எனக்கு அடிக்கவே இல்லன்னு டாக்டர் சொல்லுவாரு. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுவோம். நடுவுல ஒரு ஆளு ஸ்ட்ரெச்சர்ல கெடப்பான்." இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பருப்பு வேகவில்லை என்பதுபோலச் சொன்னார். பிறகு தம்பானூரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டெஸ்டிங் படித்து, நாற்பது வயதுக்கு மேல் எங்களிடம் வந்து சேர்ந்தார். நிரந்தரமானால் கழக்கூட்டம் பக்கத்தில் ஒரு சின்ன வீடு எடுத்துப் புருஷனையும் மகளையும் கூட்டிவந்துவிட வேண்டும் என்பது திட்டம். தினமும் ரயிலில் போகிற நேரத்தில் உறங்கலாமே என்பார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அந்தத் தூக்கம் ஒன்றைத்தான்.

டெஸ்ட் அழைப்பில் நாங்கள் எல்லோரும் 'ஹலோ ஹலோ, கேக்குதா' என்போம். சேச்சி ஒரு நாளும் ஹலோ சொன்னதில்லை. "பாலராமபுரம் தாண்டியாச்சு. ஒரு ஆளு ஆட்டைக் குளிப்பாட்டுகான்" என்பார். "எதுத்த சீட்டுல ஒரு டீச்சர் பேப்பர் திருத்துகாவ, எல்லாத்துக்கும் முட்டை போடுகாவ" என்பார். காரணம் கேட்டேன். "ஹலோ பாதி வந்தாலும் ஹலோன்னுதான் உனக்குத் தோணும். ஆட்டைக் குளிப்பாட்டுனது முழுசா வந்தாத்தான் லைன் நல்லாருக்குன்னு அர்த்தம்." காலையில் ஆபீசில் காபியும் கையுமாக உட்கார்ந்து, தூரத்தில் யாரோ ஆட்டைக் குளிப்பாட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது அந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம்.

காலையில் நான் அழைக்க வேண்டும், அவர் ரயிலில் இருந்தபடி எத்தனை போன் அடித்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இது அவரே ஏற்படுத்திக்கொண்ட முறை. கம்பெனி சொல்லவில்லை. வீட்டிலிருந்து கிளம்பினால் நான் அழைக்கும்வரை போன்களைத் தொடவே மாட்டார். "நர்சு பிள்ளை போனைக் கையிலயே வச்சிட்டா இருப்பா? அது பாட்டுக்கு பையில கெடந்து ஒறங்கும். ஒறங்கினதை எழுப்பிப் பாத்தாத்தான் தெரியும், பாத்துக்கோ." அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. ஆபீசுக்கு வந்ததும் பதினொன்றையும் சார்ஜரில் சொருகி வைக்க வேண்டும். ஆக, போன்கள் உறங்குவதற்கு வாய்த்த ஒரே இடம் அந்த ரயில்தான்.

பதினொன்றில் மூன்று அடிக்கவில்லை. தினமும் அதே மூன்று.

ஒருநாள் ரயில் தம்பானூரோடு நின்றுவிட்டது. சேச்சி பஸ் பிடிக்க வெளியே வரும்போது ரயில்வே போலீஸ் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறது. காலுறைக்குள்ளிருந்து பதினோரு போன் வந்தால் எந்தப் போலீஸ்காரனும் என்ன நினைப்பான்? பக்கத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சேச்சி கம்பெனிக் கார்டைக் காட்டி, "சாரே, அஞ்சு நிமிஷம் நில்லுங்க. இதுக்கு விளி வரும்" என்று சொல்லியிருக்கிறார். விஷயம் தெரியாமல் நான் இங்கே வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினேன். அங்கே போலீஸ் மேஜைமேல் பரப்பிக் கிடந்த போன்கள் ஒவ்வொன்றாக அலற ஆரம்பித்தன. சேச்சி போலீஸ்காரரையே எண்ணச் சொன்னாராம். எட்டு. நோட்டை நீட்டி, கேட்டது என்ற பத்தியில் அவரையே கையெழுத்துப் போடவும் வைத்துவிட்டார். வந்து எனக்குக் காட்டினார். 'எட்டு கேட்டு', அதாவது எட்டு கேட்டது என்று மலையாளத்தில் எழுதி, கீழே ஒரு கிறுக்கல்.

"இப்பமாவது நம்புவியா மக்களே? போலீஸாக்கும் சாட்சி."

எல்லோரும் சிரித்தோம். அந்த மூன்றும் அடிக்காத பிழைக்கு அவர் போட்டிருந்த பக் ரிப்போர்ட்டை நான் திறந்து, 'மறுபடி நிகழவில்லை, ஸ்டேஷனில் நெட்வொர்க் நெரிசல்' என்று எழுதி மூடினேன்.

ஏன் மூடினேன்? எனக்குப் பெருமையாக ஒரு ரேக் இருந்தது. நானே வடிவமைத்தது. நாற்பது போன்கள் சுவர் முழுக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ஜர் வயர், ஒரு பொத்தானைத் தட்டினால் நாற்பதுக்கும் அழைப்புப் போகும். கம்பெனிக்கு வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் மேனேஜர் அதைக் காட்டுவார். சேச்சியின் அந்த மூன்று மாடலும் என் ரேக்கிலும் இருந்தன. அங்கே ஒருநாளும் அடிக்காமல் இருந்ததில்லை. பிறகு என்ன? ரயில் ஓடுகிறது, டவர் மாறுகிறது, சிக்னல் அறுகிறது. அவர் ரிப்போர்ட்டைத் திறப்பார், நான் மூடுவேன். அவர் திறப்பார். ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் பொறுமையாக விளக்கமும் எழுதினேன். அந்தப் பொறுமையில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

ரிலீஸ் நெருங்கியது. திறந்த பக் ஒன்றாவது இருந்தால் அந்த நர்ஸ் நிறுவனம் கையெழுத்துப் போடாது. மேனேஜர் கொல்லத்துக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார்.

"சொல்லு, இது நெஜமாட்டும் பக் தானா? இல்லெங்கில் அவங்களோட பிடிவாதமா?"

"டெஸ்ட் பண்ற எடம் சரியில்ல சார். ரயில்ல சிக்னல் நிக்காது" என்றேன்.

"அடுத்த வாரம் அவங்களோட கான்ட்ராக்ட் புதுக்கணும். பெர்மனென்ட் ஆக்கணும்னு அவங்க கேட்டிருக்காங்க. நீ என்ன பறயுது?"

அவர் என்னைத் தெளிவாகத்தான் கேட்டார். எது எதோடு சேர்த்துக் கேட்கப்படுகிறது என்று எனக்கும் தெளிவாகத்தான் தெரிந்தது. எனக்கு அசதி. மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை கூட வீட்டுக்குப் போகவில்லை. ஏழு தடவை மூடிய அந்த ரிப்போர்ட் எட்டாவது தடவையும் திறக்குமே என்ற அலுப்பு.

"நல்லவங்கதான் சார். ஆனா சொன்னா ஏத்துக்க மாட்டாங்க" என்றேன்.

போதுமாயிருந்தது.

கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை என்ற கடிதம் வந்த மறுநாள் காலையில் சேச்சி என் இடத்துக்கு வந்தார். அழுதிருப்பாரோ என்று பார்த்தேன், இல்லை. "ஒண்ணே ஒண்ணு மக்களே. உன் ரேக்குல அந்த மூணும் அடிக்கும்னு சொல்லுகியே. நான் ஒருக்கா இருந்து கேட்டுக்கிடட்டுமா?"

நாற்காலி எடுத்துப் போட்டேன். "நான் ஒண்ணையும் தொட மாட்டேன். ஒறங்கட்டும், மதியம் விளி" என்றார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மதியம் நான் தட்டினேன். நாற்பதும் அடித்தன. அந்த மூன்றும்தான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய்க் காதை வைத்துக் கேட்டார். கடைசி மணி ஓயும்வரை எதையும் அணைக்கவில்லை. பிறகு நோட்டில் எழுதினார். 'அடிச்சது' பத்தியில் மூன்று. 'கேட்டது' பத்தியிலும் மூன்று.

"செரி. என் காதால கேட்டாச்சு" என்றார். "அப்போ ரெயிலுதான். உன்னைப் போட்டு ரெண்டு மாசமா பாடு படுத்திட்டேன். மனசுல வச்சுக்காத."

அந்த மூன்று போன்களின் சார்ஜர் வயர்களும் அவர் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தன, என் கண்ணெதிரேயும். எட்டாவது தடவை திறந்திருந்த ரிப்போர்ட்டை அவரே மூடினார். மாலை பதினோரு காலுறைகளையும் துவைத்து மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கதவு வரைக்கும்கூட நான் போகவில்லை.

ரிலீசுக்கு நான்கு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை கரையான் மருந்தடிக்க வந்தவர்கள் ரேக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். திரும்பச் சொருக மறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வழக்கம்போலத் தட்டினேன். மூன்று போன் அடிக்கவில்லை. எந்த மூன்று என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன், சுவரில் இருக்க வேண்டிய பிளக் தரையில் கிடந்தது. அப்போதுதான் மண்டையில் ஏறியது. சார்ஜரில் இருக்கும் போன் உறங்காது. அதற்குப் பேட்டரியை மிச்சம் பிடிக்க என்ன அவசரம்? மின்சாரம் இல்லாமல், யாரும் தொடாமல் கிடந்தால்தான் அந்த மூன்று மாடலும் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கள் ஆப்பைக் கொன்றுவிடும். இரண்டு வருடமாக நான் நாற்பது போன்களை உறங்கவிடாமல் வைத்துக்கொண்டு, எல்லாம் எழுந்திருக்கின்றன என்று அறிக்கை எழுதியிருக்கிறேன். என் தொழிலில் இதைவிடக் கேவலமான தப்பு செய்ய முடியாது.

இரண்டே நாளில் சரிசெய்தேன். ஆப்பை அந்தப் பேட்டரிப் பூட்டிலிருந்து விலக்கி வைக்கும்படி பயனரிடம் அனுமதி கேட்கும் ஒரு திரை, இயங்குதளத்திடம் அழைப்பைப் பதிவு செய்யும் இடத்தில் கொஞ்சம் மாற்றம். அவ்வளவுதான். நியாயப்படி சேச்சியின் ரிப்போர்ட்டை மறுபடி திறந்திருக்க வேண்டும். திறந்தால் மேலே ஏழு தடவை என் பெயர் இருக்கும். புதிதாக ஒன்றை என் பெயரில் எழுதினேன். கண்டுபிடித்தவர்: நான். சரிசெய்தவர்: நான். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். கடைசி நேரத்தில் கம்பெனியைக் காப்பாற்றியவன் என்றார். நானும் எழுந்து நின்று சிரித்தேன்.

சேச்சிக்குச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தினமும் ஏதாவது ஒரு மீட்டிங் வந்துவிடும். பிறகு வாரத்துக்கு ஒருமுறை நினைத்தேன். பிறகு நான் டீம் லீட் ஆனேன். நாளாக ஆக, சொல்வதைவிட ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணம் தேடுவது பெரிய வேலையாகிவிட்டது. அதையும் விட்டுவிட்டேன்.

போன ஆவணி மாதம் என்று நினைக்கிறேன். கழக்கூட்டம் மேம்பாலத்துக்குக் கீழே டிராபிக்கில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. சென்னைக்காரர். அவர்கள் கம்பெனி இங்கே புதிதாக ஒரு கிளை திறக்கிறதாம். சேச்சியின் பெயரைச் சொன்னார்.

"நிரந்தர வேலைக்கு எடுக்கப் போறோம் சார். ரெஃபரன்ஸா உங்க பேரைத்தான் கொடுத்திருக்காங்க. ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

என் பெயரையா என்று கேட்டேன்.

"ஆமா சார். ரொம்ப மரியாதையா சொன்னாங்க. இன்டர்வியூல எல்லாரையும் கேப்போம், நீங்க செஞ்ச தப்பு ஒண்ணு சொல்லுங்கன்னு. யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. இவங்க சொன்னாங்க. ஒரு பக்கைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மாசம் விடவே இல்லையாம். கடைசியில பாத்தா அது ரயில்ல சிக்னல் இல்லாததாம். நீங்க ஏழு தடவை கோபப்படாம எழுதிப் புரியவெச்சீங்களாம். அப்புறம் அவங்க காதாலயே கேட்டு ஒத்துக்கிட்டாங்களாம். அது கரெக்ட்தானா சார்? வெரிஃபை பண்ணணும்."

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"இல்ல" என்றேன். "சிக்னல் இல்ல. அவங்க சொன்னதுதான் சரி. பக் நெஜம். அவங்க போனப்புறம் நான்தான் கண்டுபிடிச்சேன். என் தப்பு அது."

"அப்போ அவங்க எங்ககிட்ட தப்பா சொல்லியிருக்காங்களா?"

"இல்ல சார். நான் அவங்ககிட்ட தப்பா சொன்னேன். அவங்க நம்பிட்டாங்க."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

மறுபக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. "இதை எப்படி எழுதறதுன்னு தெரியல சார்" என்றார். "ஃபார்ம்ல இதுக்கு எடம் இல்ல. பேனல்ல அந்த ஒரு பதிலுக்குத்தான் அவங்களுக்கு நல்ல மார்க் போட்டிருக்காங்க. தப்பை ஒத்துக்கிறவங்கன்னு எழுதியிருக்கு. இப்போ நான் மாத்தினா எல்லாத்தையும் மறுபடி கேப்பாங்க. சிக்னல்னே விட்டுடட்டுமா? அவங்களுக்கு அதுதான் நல்லது."

"சரி" என்றேன்.